சுவருக்குள் வளரும் கட்டி

ஒருவருக்குச் சில மாதங்களாகவே களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருக்கிறது. துருவிக் கேட்டதும், மலம் அவ்வப்போது கன்னங்கரேலென்று போவதாகச் சொல்கிறார். வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று மருத்துவருக்குப் புரிந்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். இரைப்பையின் உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் வழுவழுப்பான ஒரு மேடு, அதன் உச்சியில் சின்னதாக ஒரு குழி. மேட்டின் மேலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். ‘சாதாரணச் சளிச்சவ்வு, புற்றுநோய் இல்லை’ என்று அறிக்கை வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஹீமோகுளோபின் மீண்டும் இறங்குகிறது.

அறிக்கையில் தவறில்லை. துணுக்கு எடுக்கப்பட்ட இடத்தில் கட்டி இல்லை, அவ்வளவுதான்.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே சளிச்சவ்வு, அதற்கு அடியில் ரத்தக் குழாய்கள் ஓடும் தளர்ந்த திசு, அடுத்துத் தடித்த தசையடுக்கு, வெளியே மெல்லிய உறை. நாம் வழக்கமாகக் கேள்விப்படும் இரைப்பைப் புற்றுநோய் சளிச்சவ்வில் தொடங்குவது. அதனால் மேலாகக் கிள்ளினாலே அகப்பட்டுவிடும். இந்தக் கட்டியோ தசையடுக்கில் பிறந்து, சளிச்சவ்வை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. மேட்டின் மேல் இருப்பது நலமான சவ்வுதான். கட்டி பெரிதாகும்போது அந்தச் சவ்வு ஓரிடத்தில் நைந்து குழியாகிறது. ரத்தம் கசிவது அங்கிருந்துதான்.

எனவே சுவரின் மேற்பரப்பைப் பார்த்தால் போதாது, அடுக்குகளைப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் ஒலியலைக் கருவி பொருத்திய எண்டோ அல்ட்ராசவுண்ட் இதற்கென்றே இருக்கிறது. திரையில் இரைப்பைச் சுவர் வெளுப்பும் கறுப்புமாக மாறி மாறி ஐந்து பட்டைகளாகத் தெரியும். நான்காவது பட்டைதான் தசை. கட்டி அந்த நான்காவது பட்டையிலிருந்து புடைத்து நின்றால், மருத்துவரின் மனத்தில் முதலில் எழும் பெயர் ஜிஸ்ட். தமிழில் இரைப்பை-குடல் தாங்குதிசுக் கட்டி எனலாம். உறுப்புக்கு வடிவம் தந்து தாங்கி நிற்கும் திசுக்களில் தோன்றுவதால் இந்தப் பெயர். அதே குழாய் வழியாக ஊசியைச் செலுத்தி, சவ்வைத் தாண்டிக் கட்டிக்குள்ளிருந்தே துணுக்கு எடுக்க முடியும்.

ஜிஸ்ட் அரிய நோய். ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் கண்டறியப்படுகிறது. பாதிக்கு மேல் இரைப்பையில் வரும். சுமார் மூன்றில் ஒரு பங்கு சிறுகுடலில். ஆனால் புற்றுநோய் மருத்துவத்தில் இந்தக் கட்டி பெற்றிருக்கும் இடம் அதன் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரியது. ஒரு கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது, நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, அதை வளரவைப்பது எது என்று கேட்டால் சிகிச்சையே மாறிவிடும். அதை மிகத் தெளிவாகக் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று.

நீண்ட காலம் இந்தக் கட்டிகளுக்குத் தனிப் பெயர் கிடையாது. நீண்டு மெலிந்த செல்கள் கற்றை கற்றையாகத் தெரிந்ததால், தசையில் எழுந்த கட்டிகள் என்றே எண்ணி ‘லெயோமயோமா’, ‘லெயோமயோசார்கோமா’ என்ற தலைப்புகளில் போட்டுவைத்தார்கள். 1983-இல் மசூர், கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் இரைப்பைக் கட்டிகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் புரதச் சாயங்களைக் கொண்டும் ஆராய்ந்தார்கள். பலவற்றில் தசைக்குரிய அடையாளங்களும் இல்லை, நரம்புக்குரியவையும் இல்லை. எதிலிருந்து வந்தவை என்று தெரியாத நிலையில் பொதுவாகத் தாங்குதிசுக் கட்டி என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தப் பெயர், பழைய பெயர்களைவிட எவ்வளவோ நேர்மையானது என்பேன்.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டு உடற்கூறியலாளர் சாண்டியாகோ ரமோன் இ கஹால், நரம்பு மண்டலத்தை வரைந்து காட்டியதற்காக 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர் குடல் சுவரின் தசைகளுக்கு இடையில் கிளைவிட்டுப் படர்ந்த விநோதமான செல்களைக் கண்டு வரைந்துவைத்தார். அவற்றின் வேலை என்ன என்று உறுதியாக நிறுவ ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பிறந்த எலிக்குட்டிகளுக்கு ‘கிட்’ என்ற புரதத்தை முடக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தினார்கள். எலிகளின் குடல் ஒழுங்காகச் சுருங்கவில்லை. கிட் மரபணு பழுதான எலிகளை மற்றவர்கள் ஆராய்ந்தபோது, அவற்றின் சிறுகுடலில் தசைகளுக்கு நடுவே கஹால் செல்களின் வலையையே காணோம். குடலின் மெதுவான மின்னலைகளும் இல்லை. இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறை, சிறுகுடலின் தொடக்கப்பகுதி சுமார் பன்னிரண்டு முறை என்று தாளம் தவறாமல் அசைவதற்கு இந்தச் செல்களே காரணம் என்பது அப்படித்தான் நிலைபெற்றது. இதயத்துக்கு ஒரு பேஸ்மேக்கர் இருப்பதுபோல் குடலுக்கும் இருக்கிறது. அந்தச் செல்கள் உருவாகவும் பிழைத்திருக்கவும் அவற்றின் மேற்பரப்பில் கிட் புரதம் தேவை.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் யுகிஹிக்கோ கிட்டமுராவின் நோயியல் துறை, கிட் மரபணு பழுதான எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்துவந்தது. அவர்களுடைய அக்கறை முதலில் ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களின் மேல்தான். அங்கிருந்த சீய்ச்சி ஹிரோத்தாவும் உடனாய்வாளர்களும் இந்தத் தாங்குதிசுக் கட்டிகளுக்கு கிட் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். 49 கட்டிகளில் 46 நிறமேறின. கஹால் செல்களைப் போலவே இவற்றிலும் கிட் இருந்தது; இவை அந்தச் செல்களின் வழி வந்தவையாக இருக்கலாம். ஐந்து கட்டிகளின் கிட் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தபோது ஐந்திலும் பிறழ்வு, அதுவும் ஏறக்குறைய ஒரே பகுதியில். 1998 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது.

கட்டியில் ஒரு பிறழ்வு இருப்பதாலேயே அதுதான் கட்டிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. புற்றுச் செல்களில் பயனற்ற பிறழ்வுகள் ஏராளமாக இருக்கும். ஆகவே ஒசாகா குழு இன்னொரு அடி எடுத்துவைத்தது. வளர்ச்சிக் காரணி ஊட்டினால்தான் பிழைக்கும் எலிச் செல்களை எடுத்து, அவற்றில் பிறழ்ந்த கிட் மரபணுவைச் செருகினார்கள். செல்கள் காரணி இல்லாமலேயே பெருகின. கட்டியாக வளரும் தன்மையும் பெற்றன. அதே ஆண்டில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் பலருக்கு ஜிஸ்ட் கட்டிகள் இருந்ததும், அவர்களுக்குப் பிறப்பிலேயே கிட் பிறழ்வு இருந்ததும் தெரியவந்தது. நோயாளிகளின் கட்டிகள், குடுவையில் வளர்த்த எலிச் செல்கள், ஒரு மனிதக் குடும்பம் என மூன்று தனித்தனிச் சாட்சிகளும் ஒரே இடத்தைச் சுட்டின. கட்டியை ஓட்டிச்செல்லும் இத்தகைய பிறழ்வை இயக்குப் பிறழ்வு என்கிறோம்.

கிட் செய்யும் வேலையை மொட்டைமாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிட் புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் சுவிட்ச். வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் சுவிட்ச் விழும். உள்ளே இருக்கும் பகுதி மோட்டார். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபிதான் அதற்குக் கரண்ட். மோட்டார் ஓடினால் ‘வளர், பிரி’ என்ற ஆணை செல்லுக்குள் பாயும். காரணி விலகியதும் நின்றுவிடும். சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் இடையில், தேவையில்லாத நேரத்தில் மோட்டாரை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. மரபணுவின் 11-ஆம் எக்ஸான் என்ற துண்டுதான் அதற்கான குறிப்பைத் தாங்கியிருக்கிறது. ஜிஸ்ட் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பழுது அங்கேதான். சுவிட்சை யாரும் தொடாமலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் நிற்பதில்லை.

அந்தச் சமயத்தில் மருந்து ஒன்று வேறொரு நோய்க்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஏபிஎல் என்ற புரதம் நிற்காமல் ஓடுகிறது. அதை அடக்குவதற்காக சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனத்தில் (பின்னர் நோவார்ட்டிஸ்) உருவான வேதிப்பொருள் இமாட்டினிப். அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் அதை ரத்தப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துவந்தார். ஏபிஎல்லைத் தடுக்கும் அதே மூலக்கூறு கிட்டையும் தடுக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. இமாட்டினிப் பழுதான சுவிட்சைச் சரிசெய்வதில்லை. ஏடிபி வந்து பொருந்தும் குழிக்குள் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது; அதாவது ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுகிறது.

2000 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில், ஜிஸ்ட் கல்லீரலுக்குப் பரவிய 50 வயதுப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இமாட்டினிப் கொடுக்கத் தொடங்கினார்கள். அறுவை சிகிச்சைகளும் கீமோதெரப்பியும் பார்த்துவிட்டு, இனி கொடுக்க எதுவும் இல்லை என்ற நிலையில் இருந்தவர் அவர். ஒரு மாதத்தில் எடுத்த பெட் ஸ்கேனில், முன்பு ஒளிர்ந்த கட்டிகள் எதுவும் ஒளிரவில்லை. ஹெய்க்கி யோயென்சூவின் குழு 2001 ஏப்ரலில் இந்த ஒரே நோயாளியின் கதையை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதியது. மறு ஆண்டே 147 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவும் வந்தது: நூற்றுக்கு 54 பேரிடம் கட்டி கணிசமாகச் சுருங்கியது, மேலும் 28 பேரிடம் வளராமல் நின்றது. அதற்கு முன் கொடுத்துவந்த கீமோதெரப்பி மருந்துகளுக்குக் கட்டி சுருங்கியது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. பரவிய நோயோடு ஒன்றரை ஆண்டு வாழ்வதே சராசரியாக இருந்த நிலை மாறி, ஐந்து ஆண்டை நெருங்கியது.

இங்கே மருத்துவர்களே தடுமாறிய ஒரு புதிர் எழுந்தது. நோயாளிக்குப் பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, வலி இல்லை. ஆனால் சிடி ஸ்கேனில் கட்டியின் அளவு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் பெருத்துமிருக்கிறது. இன்னும் சிலருக்குக் கல்லீரலில் முன்பு இல்லாத கரும்புள்ளிகள். கீமோதெரப்பி காலத்து விதிப்படி இதைப் ‘பலனில்லை’ என்று எழுதி மருந்தை நிறுத்திவிட வேண்டும். டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கதிரியக்க மருத்துவர் ஹேசன் சோய் படங்களை மீண்டும் பார்த்தார். அளவு குறையவில்லை, ஆனால் அடர்த்தி குறைந்திருந்தது. செல்கள் மடிந்த இடத்தில் கொழகொழத்த நீர்மம் நிரம்பியதால் கட்டி சுருங்காமலே உள்ளீடு இழந்திருந்தது. கல்லீரலில் ‘புதிதாக’ வந்த புள்ளிகளும் பழைய கட்டிகளே. முன்பு கல்லீரலின் அடர்த்தியோடு ஒன்றிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவை, செத்துக் கறுத்ததும் தெரிந்தன. 2007-இல் அவர் வகுத்த அளவுகோலின்படி, கட்டியின் நீளம் 10 சதவீதம் குறைந்தாலும் சரி, அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலும் சரி, மருந்து வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்துக் கலங்கும் குடும்பங்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்தை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. பரவிய நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் ஒரு பாதியினர் மூன்றாண்டுக்குப் பின் மருந்தை நிறுத்தினார்கள், மறு பாதியினர் தொடர்ந்தார்கள். அடுத்த இரண்டாண்டு நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள், தொடர்ந்தோரில் நூற்றுக்கு 80 பேர். நிறுத்தியோரில் 16 பேர் மட்டுமே. ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகினால் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆகவே பரவிய நோய்க்கு மாத்திரை நிற்காமல் தொடர வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் குரக்குவலி போன்ற தொல்லைகள் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் வழி உண்டு. நாமாக நாள் விட்டு நாள் சாப்பிடுவதுதான் ஆபத்து.

நோய் பரவாமல் ஒரே இடத்தில் இருந்தால் முதல் சிகிச்சை இன்றும் அறுவைதான். ஜிஸ்ட் நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே பரவும். எனவே இரைப்பைப் புற்றுநோய்க்குச் செய்வதுபோலக் கணுக்களையெல்லாம் வழித்தெடுக்கத் தேவையில்லை, கட்டியையும் சுற்றிச் சிறிது நல்ல திசுவையும் வெட்டினால் போதும். ஆனால் கட்டி மென்மையானது, எளிதில் கிழியும். கிழிந்தால் செல்கள் வயிற்றறை முழுவதும் சிதறி, பின்னால் பல இடங்களில் முளைக்கும். அனுபவமுள்ள அறுவை மருத்துவர் கட்டியை நேரடியாக இடுக்கியால் பிடிக்கவே மாட்டார். வயிற்றின் மேல்தோல் வழியாகக் கட்டிக்குள் ஊசி குத்தத் தயங்குவதற்கும் இதே காரணம்.

எடுத்த கட்டி திரும்ப வருமா என்பதை நான்கு விஷயங்களை வைத்துக் கணிக்கிறார்கள்: கட்டியின் அளவு, எந்த உறுப்பில் இருந்தது, கிழிந்ததா, நுண்ணோக்கியில் 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. ஒரே அளவுள்ள கட்டி இரைப்பையில் இருப்பதைவிடச் சிறுகுடலில் இருந்தால் ஆபத்து அதிகம். ஆபத்து மிகுந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் ஓராண்டு மருந்து, மூன்றாண்டு மருந்து என்று ஒப்பிட்ட ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 82, 92.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது மரபணுப் பரிசோதனையைத்தான். பல அறிக்கைகள் ‘ஜிஸ்ட், கிட் சாயம் ஏறியது’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. கிட் சாயத்தோடு டாக்1 என்ற இன்னொரு சாயமும் ஏறினால் கட்டியின் பெயர் உறுதியாகும். எந்த இடத்தில் பழுது என்பதை அவை சொல்லா. 9-ஆம் எக்ஸானில் பிறழ்வு இருந்தால், பரவிய நோய்க்கு 400 மில்லிகிராம் போதாமல் 800 தேவைப்படலாம். சிலரிடம் கிட் பழுதாகவில்லை. அதன் உறவுப் புரதமான பிடிஜிஎஃப்ஆர்ஏ பழுதாகியிருக்கும். அதில் டி842வி என்ற குறிப்பிட்ட பிறழ்வு, ஏடிபி பொருந்தும் குழியின் வடிவத்தையே மாற்றிவிடுவதால் இமாட்டினிப் அங்கே உட்காரவே முடியாது. அந்த நோயாளிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவது. அவருக்கென்று அவாபிரிட்டினிப் என்ற வேறு மருந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இளம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு இரைப்பையில் வரும் சில ஜிஸ்ட் கட்டிகளில் இந்த இரண்டு மரபணுக்களும் நன்றாகவே இருக்கும். அங்கே பழுதாவது செல்லின் ஆற்றல் உற்பத்தியில் பங்கெடுக்கும் எஸ்டிஹெச் என்ற நொதி. அது குடும்ப வழியாகவும் வரக்கூடும் என்பதால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க நேரிடும். அரிய கட்டி என்பதால், திசுச் சில்லுகளை இத்தகைய கட்டிகளை அடிக்கடி பார்க்கும் நோயியல் மருத்துவரிடம் இன்னொரு முறை காட்டுவதிலும் தயக்கம் வேண்டாம்.

இமாட்டினிப் நம் ஊரில் கைக்கெட்டும் விலையில் கிடைப்பதற்குச் சென்னையோடும் தொடர்பு உண்டு. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்ற சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. அப்போது நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நோவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்துவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தை ஒருவர் தயவில் அல்லாமல் கடையில் வாங்க முடிவது பெரிய விஷயம்.

மருந்துக்கு எதிர்ப்பும் எழும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பலரிடம் கிட் புரதத்தின் வேறோர் இடத்தில் இரண்டாவது பிறழ்வு தோன்றி, இமாட்டினிப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குப் பின் சுனிட்டினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெட்டினிப் என்று வரிசையாக மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தரும் காலம் முதலாவதைவிடக் குறைவு.

ஆனால் எல்லா ஜிஸ்ட் கட்டிகளும் இவ்வளவு தூரம் வளர்வதில்லை. ஜப்பானில் புற்றுநோய்க்காக வெட்டியெடுத்த 100 இரைப்பைகளை மெல்லிய சீவல்களாக்கித் தேடியபோது, 35 இரைப்பைகளில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஜிஸ்ட் துளிகள் இருந்தன. இத்தகைய துளிகள் சிலவற்றில் அதே கிட் பிறழ்வும் காணப்படுகிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பது, ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் பத்துப் பதினைந்து பேரிடம் மட்டும் நோயாகிறது. மற்றவை அப்படியே கிடக்கின்றன. சில சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகின்றன. பெரிய கட்டிகளில் 14, 22-ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இழக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், கிட் பழுது தொடக்கம் மட்டுமே, கட்டி வளர வேறு இழப்புகளும் வேண்டும் என்று தெரிகிறது. அதனால்தான் வேறு எதற்கோ செய்த எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான, ஒழுங்கான விளிம்புள்ள மேடு தற்செயலாகத் தென்பட்டால், உடனே கத்தியை எடுக்காமல் குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோ அல்ட்ராசவுண்டில் பார்த்துவரலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அளவு கூடினாலோ, விளிம்பு ஒழுங்கிழந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அறுவைக்கு நாள் குறிப்பார்கள். சிறுகுடலில் என்றால் இந்தப் பொறுமை கிடையாது. சின்னதாக இருந்தாலும் எடுத்துவிடுவதே வழக்கம்.